தண்ணீர் சுமக்காத தீயணைப்பு வண்டி: கனரக மீட்பு வாகனம் எப்படி உருவாகிறது, நெல்லைச் சீமைக்கு எது பொருந்தும்?

2022 மே 14ஆம் தேதி இரவு, நெல்லை மாவட்டம் முன்னீர்பள்ளம் பக்கத்தில் உள்ள அடைமிதிப்பான்குளம் கல் குவாரியில் பாறை சரிந்தது. சுமார் 300 அடி ஆழப் பள்ளம். உள்ளே ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் இறந்துபோனார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்தன. அதன் பிறகு அரக்கோணத்தில் இருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வந்தது. இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் ஊருக்குள் எழுகிற கேள்வி இது: "தீயணைப்பு வண்டிதான் வந்துட்டுல்லா, பெறகு எதுக்கு 600 கிலோமீட்டர் தள்ளி இருந்து ஆள் வரணும்?"

நியாயமான கேள்விதான். பதிலில் பாதி, வந்த வண்டி எதற்காகக் கட்டப்பட்டது என்பதில் இருக்கிறது. மீதிப் பாதியைக் கடைசியில் பார்க்கலாம்.

தீ வேறு, மீட்பு வேறு

நாம் சிவப்பு வண்டி என்று சொல்வது பெரும்பாலும் தண்ணீர் வண்டி. ஒரு தொட்டி, ஒரு பம்பு, குழாய்கள், ஏணி. 4,500 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் அதுவே நாலரை டன். வண்டியின் சுமை தாங்கும் திறனில் பெரும்பங்கைத் தண்ணீர் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் இடத்தில்தான் கருவிகள்.

கனரக மீட்பு வாகனம் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறது. அதில் தண்ணீர்த் தொட்டி இருக்காது, அல்லது பெயருக்குச் சிறிதாக ஒன்று இருக்கும். தண்ணீரின் எடையும் இடமும் வெட்டும், விரிக்கும், தூக்கும், இழுக்கும், முட்டுக் கொடுக்கும் கருவிகளுக்குப் போய்விடும். சுருக்கமாகச் சொன்னால், சக்கரம் வைத்த பட்டறை. இந்தியாவில் இந்த வகை வண்டிக்கென்று தனித் தரநிலையே உண்டு: ஐ.எஸ். 949. தண்ணீர் வண்டிகளுக்கானவை ஐ.எஸ். 948, ஐ.எஸ். 950.

யோசனை பழையது. 1915 ஜனவரியில் நியூயார்க் சுரங்க ரயில் பாதையில் புகை சூழ்ந்து பயணிகள் திணறியபோது, புகைக்குள் போய் வேலை செய்யத் தீயணைப்பு வீரர்களிடம் கருவி இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் அந்நகரம் முதல் மீட்புக் குழுவைத் தொடங்கியது. அதன் வண்டி ஒரு காடிலாக் கார். புகைக்குள் மூச்சுவிட உதவும் தலைக்கவசம், இரும்பை வெட்டும் டார்ச், கொஞ்சம் கைக்கருவிகள், அவ்வளவுதான் சரக்கு. அந்த கார் இன்றைக்கு 20 டன் வண்டியாக வளர்ந்திருப்பதற்குக் காரணம் பகட்டு இல்லை. கார்களும் லாரிகளும் கட்டடங்களும் வலுவாக வலுவாக, அவற்றுக்குள் இருந்து ஆளை எடுக்கும் கருவியும் கனத்துக்கொண்டே போனது.

வண்டிக்குள் என்ன இருக்கிறது

வடிவமைப்பு சேசிஸில், அதாவது லாரியின் அடிச்சட்டத்தில், தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. யார், எதற்கடியில் சிக்கியிருக்கிறார் என்பதில்தான் தொடங்குகிறது. அந்தப் பட்டியலில் இருந்து கருவி, கருவியில் இருந்து எடை, எடையில் இருந்து சேசிஸ். இந்த வரிசையை மாற்றி, முதலில் வண்டியை வாங்கிவிட்டு அப்புறம் கருவியை அடைக்கப் பார்த்தால் எங்கேயோ இடிக்கும்.

1. வெட்டுவதும் விரிப்பதும். நசுங்கிய கார் கதவைப் பிளக்கும் 'ஸ்பிரெடர்', காரின் கூரையைத் தாங்கும் தூணை வெட்டும் 'கட்டர்'. இரண்டும் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்பவை. அழுத்தம் சுமார் 700 பார். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 700 கிலோ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டரை பார்கூட இல்லை. இங்கே ஒரு சிக்கல் உண்டு: புது கார்களின் பக்கத் தூண்களில் போரான் கலந்த மிக உறுதியான எஃகைப் பயன்படுத்துகிறார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய கட்டர் அதைக் கடிக்கத் திணறும். வண்டியின் ஆயுளுக்குள் கருவி இரண்டு தலைமுறை மாறிவிடும் என்று வைத்துக்கொண்டுதான் அறையைக் கட்ட வேண்டும்.

2. தூக்குவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காற்றுப் பை என்பது இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் பாய் போன்றது. கவிழ்ந்த லாரிக்கும் தரைக்கும் இடையே உள்ள சின்ன இடுக்கில் அதைச் செருகி, சிலிண்டரில் இருந்து 8 பார் அழுத்தத்தில் காற்று கொடுப்பார்கள். பை 60 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 3,600 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 8 கிலோ என்று போட்டால் சுமார் 29 டன். ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு போகிற பாய், சரக்கு ஏற்றிய லாரியை அசைக்கிறது.

ஆனால் அந்த 29 டன் முதல் சில மில்லிமீட்டருக்கு மட்டும்தான். பை உப்ப உப்ப தலையணைபோல நடுவில் புடைக்கும். பாரத்தைத் தொடும் பரப்பு சுருங்கும். தூக்கும் திறனும் கூடவே இறங்கும். முழு உயரத்துக்கு வரும்போது ஆரம்பத் திறனில் பாதிக்கும் கீழே போய்விடும். பையில் எழுதியிருக்கும் டன் கணக்கை மட்டும் நம்பி வேலை செய்தால் ஆபத்து இங்கேதான் காத்திருக்கிறது.

3. முட்டுக் கொடுப்பது. பை தூக்கிய பாரம் பையின் மேலேயே நிற்கக்கூடாது. ஒரு அங்குலம் ஏறினால் ஒரு அங்குலம் கட்டை அடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க மீட்புப் பயிற்சியில் சொல்லப்படும் விதி. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் தடி போடுகிறவர்களையும் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறவர்களையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தடி என்பது நெம்புகோல். கட்டை என்பது பாரத்தை நிறுத்தும் முட்டு. எத்தனை லட்சம் ரூபாய்க்குக் கருவி வாங்கினாலும் மீட்பு வேலையின் அடிப்படை அந்த இரண்டும்தான்.

கட்டைக்கு இறுகிய சாதி மரத்தைவிட மென்மரமே விரும்பப்படுகிறது. காரணம் விலை மட்டும் இல்லை. மென்மரம் உடைவதற்கு முன் நசுங்கும், முனகும், சத்தம் கொடுக்கும். அடியில் இருப்பவருக்கு விலக ஒரு வாய்ப்பு. ஒரு கனரக மீட்பு வண்டியில் இந்தக் கட்டைகளுக்கு மட்டும் ஒரு முழு அறை போய்விடும். கருவிப் பட்டியல் போடும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். வெறும் மரக்கட்டைதானே என்று தோன்றும்.

4. இழுப்பது. கம்பியை டிரம் என்ற உருளையில் சுற்றி இழுக்கும் இயந்திரம்தான் வின்ச். அதில் 10 டன் என்று எழுதியிருந்தால், அது டிரம்மில் கம்பி முதல் சுற்றில் இருக்கும்போது கிடைக்கும் இழுவை. மேலே சுற்று ஏற ஏற டிரம்மின் விட்டம் கூடும், இழுவை குறையும். கம்பியை, இழுக்கப்படும் பாரத்தில் மாட்டிய ஒரு கப்பி வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து நம் வண்டியிலேயே கட்டினால் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு, வேகம் பாதி. சரி, இழுக்கிற வண்டி அசையாமல் நிற்குமா? 15 டன் வண்டி, காய்ந்த தார் ரோட்டில் எல்லாச் சக்கரமும் பூட்டிய நிலையில், 9 டன் அளவுக்குத்தான் பிடித்து நிற்கும். அதற்கு மேல் இழுத்தால் பள்ளத்தில் கிடக்கும் லாரி வருவதற்குப் பதில் நம் வண்டி அதை நோக்கிப் போகும். மணல் தெறித்த ஓரம் என்றால் இன்னும் மோசம்.

5. மூச்சும் வெளிச்சமும். முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர் ஒன்றில் 6.8 லிட்டர் கொள்ளளவில் 300 பார் அழுத்தம். விரித்தால் சுமார் 2,040 லிட்டர் காற்று. கடும் வேலையில் நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கொண்டால் 50 நிமிடம். எச்சரிக்கை விசில் அடித்ததும் வெளியே வர வேண்டும் என்பதைக் கழித்தால் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கணக்கில் நீளும் வேலைக்கு வண்டியிலேயே பெரிய சிலிண்டர் வரிசையோ கம்ப்ரஸரோ வேண்டும். விளக்குக்கு, காற்றழுத்தத்தில் தொலைநோக்கி போல நீளும் கம்பம். உயரத்தில் இருந்து விழும் வெளிச்சம் ஆளின் நிழலை அவன் வேலைசெய்யும் இடத்தின் மேலேயே போடாது.

எடைக் கணக்கு

இந்தியாவில் இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 18.5 டன், மூன்று ஆக்சில் லாரிக்கு 28.5 டன். 2018இல் வரம்பை உயர்த்திய பிறகு உள்ள கணக்கு இது. இப்போது ஒரு இரண்டு ஆக்சில் வண்டியை எடுத்துக்கொண்டு உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்:

1. இரட்டைக் கேபினோடு சேசிஸ்: 6.5 டன்
2. துணைச் சட்டமும் பாடியும்: 3 டன்
3. ஜெனரேட்டர், விளக்குக் கம்பம், வின்ச்: 1.5 டன்
4. ஆறு வீரர்கள், உடுப்போடு: 0.6 டன்
5. கருவிகளும் கட்டைகளும்: 4 டன்

கூட்டினால் 15.6 டன். மிச்சம் 2.9 டன். "இடம் இருக்கே, ஒரு கிரேனையும் மாட்டிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். தாங்குகால்களோடு அது ஒன்றரை டன் சாப்பிடும். அப்புறம் நாளைக்கு வரப்போகிற புதுக் கருவிக்கு மிச்சம் ஒன்றரை டன்னுக்கும் குறைவு. வண்டி வந்த மூன்றாம் வருடமே அளவுக்கு மேல் பாரத்தோடு ஓடத் தொடங்கும். வழக்கமாக நடப்பது இதுதான்.

அந்தக் கிரேனால் என்ன பயன் என்பதையும் பார்க்க வேண்டும். கிரேனின் திறனை டன்-மீட்டரில் சொல்வார்கள். 10 டன்-மீட்டர் கிரேன் இரண்டு மீட்டர் தூரத்தில் 5 டன் தூக்கும். எட்டு மீட்டர் தூரத்தில் ஒன்றேகால் டன்தான். கருங்கல் ஒரு கன மீட்டருக்கு சுமார் 2.7 டன். லாரி கேபின் அளவுள்ள ஒரு பாறை 25 டன் வந்துவிடும். குவாரிக்காகக் கிரேன் வேண்டும் என்ற வாதம் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

மொத்த எடை சரியாக இருந்தால் போதாது. அது எங்கே உட்காருகிறது என்பது அதைவிட முக்கியம். இரட்டைக் கேபினும் ஆறு ஆட்களும் முன்பக்க வின்ச்சும் சேர்ந்தால் முன் ஆக்சில்தான் முதலில் நிரம்பும். பின்பக்கம் நீட்டிக் கட்டினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி குறையும். இடப்பக்கம் ஜெனரேட்டரும் வலப்பக்கம் கயிறும் தலைக்கவசமும் என்று அடுக்கினால் வண்டி ஒருக்களித்தே ஓடும். அமெரிக்கத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 1901 (இப்போது என்.எஃப்.பி.ஏ. 1900இல் சேர்க்கப்பட்டுவிட்டது) ஓர் ஆக்சிலின் இரு முனைகளுக்கிடையே எடை வித்தியாசம் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. கவிழாமையைச் சோதிக்க, வண்டியைச் சாய்மேடையில் ஏற்றி 26.5 டிகிரி வரை சாய்த்துப் பார்ப்பதும் அதே தரநிலையில் இருந்த முறைகளில் ஒன்று. மணிமுத்தாறில் இருந்து மாஞ்சோலைக்கு ஏறும் ரோட்டின் வளைவுகளை நினைத்தால் இந்த எண்கள் காகிதக் கணக்காகத் தோன்றாது.

பாடி கட்டும் கலை

லாரி வாங்குகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்: கம்பெனியில் இருந்து வருவது சேசிஸ், பாடி வேறிடத்தில் ஏறும். பஸ் என்றால் கரூர், லாரி என்றால் நாமக்கல், போர்வெல் வண்டி என்றால் திருச்செங்கோடு. மீட்பு வண்டியும் அப்படியே. வித்தியாசம், இதில் பாடி என்பது சரக்குப் பெட்டி அல்ல. இருபது அறை கொண்ட அலமாரி.

முதல் பிரச்சினை முறுக்கம். லாரியின் சட்டம் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொடுக்கும்படிதான் செய்யப்படுகிறது. அதுதான் நாலு சக்கரத்தையும் தரையில் வைத்திருக்கிறது. பாடியோ விறைப்பான பெட்டி. இரண்டையும் இறுக்கிப் பிணைத்தால் ஏதாவது ஒன்று விரியும். நேரில் பார்த்தால் புரியும்: வண்டி வாய்க்கால் ஓரத்தில் ஒரு பின்சக்கரத்தை இறக்கி நிற்கிறது, வீரர் ஷட்டரின் கம்பியைப் பிடித்து மேலே தள்ளுகிறார், அது பாதியில் கடித்துக்கொண்டு நிற்கிறது. சட்டம் முறுகியதில் நீள்சதுரமாக இருந்த அறை வாசல் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளே கட்டர் இருக்கிறது, கைக்கு வரவில்லை. இதைத் தவிர்க்கத்தான் பாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் துணைச் சட்டம் வைத்து, ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கிகளில் உட்காரவைக்கிறார்கள். கீழே சட்டம் நெளிந்தாலும் மேலே பெட்டி நெளியாது.

இரண்டாவது உலோகம். அலுமினியத்தின் எடை எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. அதனால் தடிமனைக் கூட்ட வேண்டும். கூட்டிய பிறகும் ஆதாயம்தான், அந்த ஆதாயம் அப்படியே கருவிக்குப் போகிறது. நம் பக்கம் இதில் ஒரு கண்டம் உண்டு. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று கடல் காற்று வீசும் ஊர்களுக்குப் போய்வரும் வண்டியில், அலுமினியத் தகட்டை வெறும் எஃகு போல்ட் தொட்டுக்கொண்டிருந்தால், உப்பு ஈரம் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு பேட்டரியை உருவாக்கிவிடும். அரிக்கப்படுவது அலுமினியம். பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உள்ளே வெள்ளைப் பொடியாக உதிரும். இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொடாதபடி நைலான் வாஷரும் பிரிப்பு டேப்பும் வைப்பது சில ரூபாய்ச் செலவு. டெண்டரில் எழுதாவிட்டால் யாரும் வைக்க மாட்டார்கள்.

மூன்றாவது, எந்தக் கருவி எந்த அறையில். 20 கிலோ ஸ்பிரெடர் இடுப்புக்குக் கீழே. கயிறு, கையுறை, ஸ்ட்ரெச்சர் மேலே. கட்டைகள் மிகவும் கீழே, சக்கரத்துக்கு முன்னும் பின்னும். இதெல்லாம் யாரும் யோசித்துவிடலாம். ஆனால் ஒன்றைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். நான்கு வழிச்சாலையில் வண்டியை ஓரம் கட்டினால் இடப்பக்கம்தான் பத்திரமான பக்கம். வலப்பக்கத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பஸ்ஸும் லாரியும் கடந்துகொண்டிருக்கும். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இது நேர்மாறு. அங்கே வரைந்த அறை அமைப்பை அப்படியே இங்கே இறக்கினால், முதல் நிமிடத்தில் தேவைப்படும் கட்டரை எடுக்க வீரர் போக்குவரத்துக்குள் இறங்க வேண்டிவரும். வெளியே விரியும் கதவைவிட மேலே சுருளும் ஷட்டர் நல்லது என்பதற்கும் இதுதான் காரணம்.

சக்தி எங்கே இருந்து?

ஓடும்போது சக்கரத்தைச் சுற்றும் அதே என்ஜின்தான் நிற்கும்போது வின்ச்சையும் ஜெனரேட்டரையும் சுற்ற வேண்டும். கியர் பாக்ஸில் இருந்து அந்தச் சக்தியைத் திருப்பிவிடும் இணைப்பைப் பி.டி.ஓ. என்பார்கள், டிராக்டரில் ரோட்டவேட்டர் ஓட்டுபவர்களுக்குப் பழகிய பெயர். ஜெனரேட்டருக்கென்று தனி என்ஜின் வைக்கும் எடை மிச்சமாகும். பதிலுக்கு, வண்டி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மணிக்கணக்கில் என்ஜின் ஓட வேண்டும். மே மாத வெயிலில் காற்றோட்டம் இல்லாமல் ஓடும் என்ஜின் சூடேறும். ரேடியேட்டரை ஓடும் லாரிக்கு அல்ல, நிற்கும் லாரிக்குக் கணக்குப் போட வேண்டும்.

இப்போது கட்டரும் ஸ்பிரெடரும் பேட்டரிக்கு மாறிவருகின்றன. எண்ணெய்க் குழாய் இல்லை, பம்பு இல்லை, எடுத்துக்கொண்டு ஓடலாம். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிற்கும் மூடிய தகர அறையைத் தொட்டுப் பாருங்கள். பேட்டரி அறைக்குக் காற்றோட்டமும் வெப்பத்தடுப்பும் நிலையத்தில் சார்ஜ் இணைப்பும் வேண்டும். குளிர்நாட்டு வரைபடத்தில் இது முக்கியமாக இருக்காது.

நெல்லையின் விபத்துகள் கேட்கும் வண்டி

நான்கு வழிச்சாலை: கயத்தாறு தொடங்கி நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாக ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44. நின்ற லாரிக்கு அடியில் கார் புகுந்துவிடும் விபத்துக்குக் கட்டர், காற்றுப் பை, கட்டை, வின்ச் நான்கும் வேண்டும். கனரக மீட்பு வண்டி தன் விலைக்கு உழைப்பது இங்கேதான்.

கிணறு: கிராமத்துத் தீயணைப்பு நிலையங்களுக்கு மாடு விழுந்த அழைப்பும் ஆள் விழுந்த அழைப்பும் புதிதல்ல. மேன்ஹோலுக்கு வைக்கும் முக்காலி, இருபது முப்பது அடி அகலமுள்ள தோட்டக் கிணற்றுக்கு எட்டாது. வண்டியும் கிணற்றடி வரை போகாது, வரப்போரம் நின்றுவிடும். ஆகையால் கயிறு, கப்பி, நிலத்தில் அடித்து ஊன்றும் முளைகள், வாயுமானி, காற்று சிலிண்டர் எல்லாம் இரண்டு பேர் தூக்கி நடக்கிற பெட்டிகளில் இருக்க வேண்டும். கிணற்றுக்குள் டீசல் என்ஜின் ஓடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கியிருக்கலாம். மணம் கிடையாது, நிறம் கிடையாது. விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வேலைக்கு 18 டன் வண்டி தேவையே இல்லை.

வெள்ளம்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பொங்கி, நெல்லை ஜங்ஷன் பஸ் நிலையம் வரை தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. அன்றைக்கு வேண்டியிருந்தது படகும் உயரமான வண்டியும். மீட்பு வண்டியின் காற்று உறிஞ்சும் குழாயைக் கேபின் உயரத்துக்கு ஏற்றுவது, கியர் பாக்ஸ், ஆக்சில் இவற்றின் சுவாசக் குழாய்களை மேலே கொண்டுபோவது, மின் பெட்டியை உயர்த்திவைப்பது எல்லாம் கட்டும்போதே செய்தால் சின்ன வேலை. ஓடும் வெள்ளத்தில் பெரிய வண்டி மிதக்காது என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும்.

மலைப்பாதையும் ஊர்த் தெருவும்: மாஞ்சோலை, பாபநாசம் ஏற்றங்களிலும் டவுன் ரத வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் தீர்மானிப்பது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள நீளம். மூன்று ஆக்சில் வண்டி திரும்ப முடியாத இடத்தில் இரண்டு ஆக்சில் வண்டி திரும்பும்.

குவாரி: தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். 25 டன் பாறையை நகர்த்தப்போவது ஹிட்டாச்சியும் பெரிய கிரேனும்தான். அவை குவாரி முதலாளிகளிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னும் சரிந்துகொண்டிருக்கும் பாறைச் சுவருக்கு அடியில் ஆளை அனுப்பலாமா என்ற முடிவை எந்த வண்டியும் எளிதாக்காது. மீட்பு வண்டி கொடுக்கக்கூடியது முதல் மணி நேரங்களின் வெளிச்சம், கயிறு, முட்டு, காற்று. கல்லுக்கு அடியில் உயிரோடு இருப்பவருக்கு அந்த மணி நேரங்கள் பெரிது. அதே சமயம், வண்டி இருந்திருந்தால் அரக்கோணத்துப் படை தேவைப்பட்டிருக்காது என்று சொன்னால் அது பொய். இடிபாட்டுத் தேடல் தனிப் பயிற்சி. முன்னே கேட்ட கேள்விக்கு மீதிப் பாதிப் பதில் இதுதான்.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு 28 டன் ராட்சதனை வாங்கிப் பாளையங்கோட்டையில் நிறுத்துவது இந்தச் சீமைக்குப் பொருந்தாது. 18.5 டன்னுக்குள் கிரேன் இல்லாத ஒரு நடுத்தர வண்டியை நகரத்தில் வைத்து, வள்ளியூர், அம்பாசமுத்திரம் போன்ற இடங்களில் பேட்டரி கட்டரும் கயிறும் சிலிண்டரும் ஏற்றிய சிறு வண்டிகளை முதலில் ஓடவிடலாம். 25 நிமிடம் கழித்து வரும் பெரிய வண்டியைவிட எட்டு நிமிடத்தில் வரும் சின்ன வண்டி காருக்குள் சிக்கியவருக்கு மேல். கனத்த தூக்கலுக்கு மாவட்டத்தில் உள்ள கிரேன், ஹிட்டாச்சி உரிமையாளர்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். திறப்பு விழாவுக்கு இந்த ஏற்பாடு எடுப்பாக இருக்காதுதான்.

வாங்கிய பிறகு

மீட்பு வண்டி அதிகம் ஓடாது. அதனால் டயர் தேய்வதற்கு முன் கிழடு தட்டிவிடும். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது அமெரிக்கத் தரநிலையின் கணக்கு. ரப்பர் பைக்கும் ஹைட்ராலிக் குழாய்க்கும் காலாவதி உண்டு. இன்னொன்று, 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. ராணுவம், உள்நாட்டுப் பாதுகாப்பு போன்றவற்றுக்கான சிறப்பு வாகனங்களுக்குத்தான் விலக்கு. சேசிஸின் ஆயுள் முடிந்தாலும் அலுமினியப் பாடிக்கு இன்னும் பத்து வருட உயிர் இருக்கும். துணைச் சட்டத்தோடு போல்ட்டைக் கழற்றி அடுத்த சேசிஸில் ஏற்றும்படி ஆரம்பத்திலேயே வரைந்திருந்தால் பாதிச் செலவோடு தப்பலாம். வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தால் எல்லாமே பழைய இரும்புக் கடைக்குத்தான்.

வண்டி வந்திறங்கும் நாளில், மாலை போடுவதற்கு முன் செய்துபார்க்க வேண்டியவை:

1. எல்லாக் கருவியும் ஆறு ஆளும் முழு டீசலும் ஏற்றி எடைமேடைக்குப் போவது. மொத்த எடை மட்டும் அல்ல. முன், பின், இடம், வலம் தனித்தனியாக.
2. ஒரு பின்சக்கரத்தை அரை அடிக் கட்டை மேல் ஏற்றி நிறுத்தி, எல்லா ஷட்டரையும் திறந்து மூடுவது.
3. உச்சி வெயிலில் ஜெனரேட்டரை முழுப் பளுவில் இரண்டு மணி நேரம் ஓட்டுவது.
4. மாஞ்சோலை ரோட்டில் ஏறுவதைவிட, இறங்கிப் பார்ப்பது. பிரேக் வாசனை வருகிறதா என்று அப்போதுதான் தெரியும்.
5. இருட்டிய பிறகு வண்டியின் விளக்கு அத்தனையும் அணைத்துவிட்டு, கையுறை போட்ட கையால் தடவியே கட்டரையும் இரண்டு கட்டையையும் எடுத்துவரச் சொல்வது. புதிதாகச் சேர்ந்த வீரர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அறையை வரைந்தவரிடம் அல்ல.